மணலுக்குள் புதைத்த கார்

மனிதர்களைப் புதைப்பார்கள். செல்லமாக வளர்த்த நாயைப் புதைப்பார்கள். திருட்டு நகையைக்கூடப் புதைப்பார்கள். ஆனால் ஒரு காரை, அதுவும் ஒரு மாதத்துக்கு முன்பு வரை உலகத்திலேயே வேகமான கார் என்று பெயர் வாங்கியிருந்த காரை, குழி தோண்டிப் புதைப்பார்களா?

புதைத்தார்கள். 1927-இல், வேல்ஸ் நாட்டின் தென்மேற்குக் கரையில் பெண்டைன் என்ற கடற்கரை ஊரில். காரின் பெயர் பாப்ஸ். 42 வருடம் கழித்து, 1969-இல் ஒரு கல்லூரி ஆசிரியர் வந்து அதைத் தோண்டி எடுத்தார். எடுத்தவர் சும்மா இருக்கவில்லை. சுமார் 15 வருடம் உழைத்து அதை மறுபடி ஓட வைத்தார்.

இந்த ஒரே காரைக் கட்டியவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஒருவருக்குப் பின் ஒருவராக வந்தவர்கள். முதல் இருவரும் ரேஸில் இறந்தார்கள். மூன்றாமவர் செய்தது சரியா தப்பா என்று கேட்டால் இன்றும் இரண்டு பக்கமும் பேசலாம். அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கார்.

*

லூயி ஸ்போரோவ்ஸ்கி என்று ஒரு பிரபு. இங்கிலாந்தில் கேன்டர்பரி பக்கத்தில் ஹைகம் பார்க் என்ற பெரிய மாளிகை அவருடையது. பணத்துக்குப் பஞ்சமில்லை, வயதும் இருபதுகளில்தான். என்ன செய்வார்? கார் கட்டினார். அதுவும் சாதாரண கார் இல்லை. முதல் உலகப் போர் முடிந்து விமான என்ஜின்கள் தேவையில்லாமல் குவிந்து கிடந்த நேரம். அந்த என்ஜினைத் தூக்கிக் காரில் வைத்தால் என்ன என்று யோசித்த ஆள் அவர்.

அப்படி அவர் கட்டிய முதல் கார்களுக்கு 'சிட்டி பேங் பேங்' என்று பெயர். பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங், 1964-இல் வந்த தன் குழந்தைகள் கதைக்குப் பெயரை இங்கிருந்துதான் எடுத்தார்.

அந்த வரிசையில் கடைசியாக வந்தது 'ஹைகம் ஸ்பெஷல்'. இதற்குப் பொருத்திய என்ஜின் அமெரிக்காவின் லிபர்ட்டி. V வடிவத்தில் 12 சிலிண்டர். மொத்தக் கொள்ளளவு 27 லிட்டர்! நம் தெருவில் ஓடிய மாருதி 800-இல் மூன்று சிலிண்டரும் சேர்ந்தே 0.8 லிட்டர்தான். லிபர்ட்டியில் ஒரே ஒரு சிலிண்டர் இரண்டே கால் லிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் முப்பத்துமூன்று மாருதிகள் ஒரே பானெட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி.

இவ்வளவு பெரிய என்ஜின் எதற்கு என்று தோன்றலாம். என்ஜினில் சக்தியை ஏற்ற பொதுவாக இரண்டு வழி. ஒன்று, சின்ன என்ஜினை வேகமாகச் சுற்ற வைப்பது. இன்னொன்று, மெதுவாகச் சுற்றும் பெரிய என்ஜினை வைப்பது. வேகமாகச் சுற்ற நல்ல உலோகம், நல்ல பேரிங், நல்ல எண்ணெய் எல்லாம் வேண்டும். 1920-களில் அது கஷ்டம். பெரிய என்ஜினோ போர் முடிந்து மலிவாகக் கிடைத்தது. லிபர்ட்டி நிமிடத்துக்கு 2,000 சுற்றைக்கூடத் தொடாமல் 400 குதிரைசக்தி தரும். அதுவும் அவசரத்தில் பிறந்த என்ஜின். 1917-இல் வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் அறையில் இரண்டு என்ஜினியர்கள் சில நாட்களிலேயே அதன் வரைபடத்தை முடித்தார்கள். பிறகு அது 20,000-க்கும் மேல் தயாரானது.

கியர்பாக்ஸை போருக்கு முந்தைய ஒரு பென்ஸ் ரேஸ் காரிலிருந்து எடுத்தார்கள். பின் சக்கரங்களைச் சுற்ற ஷாஃப்ட் கிடையாது, சங்கிலி. சைக்கிளில் இருக்குமே, அதே தத்துவம்தான். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடித்த சங்கிலிகள், ஓட்டுபவர் உட்காரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஓடும்.

சங்கிலி என்றதும் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று சிரிக்க வேண்டாம். அதில் லாபமும் உண்டு. கியர் விகிதத்தை மாற்ற வேண்டுமானால் பற்சக்கரத்தைக் கழற்றி வேறு மாட்டினால் போதும். பின் அச்சில் கனமான பல்சக்கரப் பெட்டி வேண்டாம். அச்சு இலேசாக இருந்தால் மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விடாமல் பிடிக்கும். இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் திரும்ப வரும்.

1924 அக்டோபரில் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் ஸ்போரோவ்ஸ்கி மெர்சிடிஸ் ஓட்டும்போது மரத்தில் மோதி இறந்தார். அவருடைய அப்பாவும் 1903-இல் ஒரு மலைப்பாதைப் பந்தயத்தில் மெர்சிடிஸ் ஓட்டித்தான் இறந்தார். அப்பா சட்டைக் கையில் போட்டிருந்த பொத்தான்தான் சிக்கி அவரைக் கொன்றது, அதே பொத்தானை மகனும் அன்று போட்டிருந்தான் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. ரேஸ் உலகத்துக்கு இந்த மாதிரிக் கதைகள் ரொம்பப் பிடிக்கும். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுதாக மெருகேறாத ஹைகம் ஸ்பெஷல் அனாதையாக நின்றது. அதை 125 பவுண்டு கொடுத்து ஒருவர் வாங்கினார்.

*

வாங்கியவர் ஜான் காட்ஃப்ரி பாரி-தாமஸ். வேல்ஸில் ரெக்ஸம் ஊரில் பிறந்தவர். பணக்காரப் பிரபு இல்லை, படித்த என்ஜினியர். லேலண்ட் கம்பெனியில் தலைமை என்ஜினியராக இருந்து, 1920-இல் 'லேலண்ட் எயிட்' என்ற ஆடம்பரக் காரை வடிவமைத்தவர். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு ரேஸுக்கு வந்தார்.

கல்யாணம் ஆகவில்லை. லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லாண்ட்ஸ் என்று ஒரு ரேஸ் மைதானம், 1907-இல் கட்டியது. அந்தப் பாதைக்கு உள்ளேயே ஒரு சின்ன வீட்டில் நாய்களோடு குடியிருந்தார். பட்டறை பக்கத்திலேயே. மற்றவர்கள் தோல் கோட்டு போட்டுக்கொண்டு ரேஸ் ஓட்டும்போது இவர் பூவேலைப்பாடு மாதிரி கலர் கலராகப் பின்னிய கம்பளி ஸ்வெட்டரோடு வந்து உட்காருவார். படங்களில் பார்த்தால் வேக சாதனைக்காரர் மாதிரியே இருக்காது, மீன் பிடிக்கக் கிளம்பியவர் மாதிரி இருக்கும்!

அவர் புதிதாக ஒரு காரைக் கட்டியிருக்கலாம். அதற்குப் பணம் இல்லை. அதனால் இருப்பதை வைத்துச் செய்தார். இதுதான் இந்தக் கதையில் முதல் பாடம். வேக சாதனை என்றாலே கோடிக்கணக்கில் பணம், பெரிய கம்பெனி என்று நினைக்கிறோம். இவர் இறந்தவர் ஒருவரின் காரை, போரில் மிஞ்சிய என்ஜினோடு, பழைய கியர்பாக்ஸோடு வாங்கி வேலையை ஆரம்பித்தார். இன்றைக்கு நம் ஊர்ப் பசங்க காயலான் கடையில் பாகம் பொறுக்கி பைக் கட்டுகிற மாதிரிதான்.

என்ன மாற்றினார்? நான்கு ஜெனித் கார்புரேட்டர்களைப் பொருத்தினார். பிஸ்டன்களைத் தானே வடிவமைத்தார். உடம்பை மாற்றினார். முன்னால் காற்றைக் கிழிக்கிற மூக்கு, பின்னால் நீண்டு குறுகும் வால். சக்கரங்களின் போக்ஸ் கம்பிகள் காற்றைக் கடையாமல் இருக்கத் தகடு போட்டு மூடினார். காருக்குப் 'பாப்ஸ்' என்று செல்லப்பெயர் வைத்தார்.

காற்றோடு ஏன் இவ்வளவு சண்டை? இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையைத் தள்ளத் தேவையான சக்தியோ எட்டு மடங்காகும். அதாவது வேகத்தின் மும்மடிப் பெருக்கம். மணிக்கு 150 மைலில் ஓடும் காரை 171 மைலுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் வேகம் 14 சதவீதம்தான் கூடுகிறது. சக்தியோ ஏறக்குறைய 50 சதவீதம் கூட வேண்டும். என்ஜினை அவ்வளவு ஏற்ற முடியாது. அதனால் உடம்பை வழவழப்பாக்குவதுதான் மலிவான வழி. தகடு அடிக்கிறவரின் சுத்தியலுக்கும் சாதனையில் சரிபாதிப் பங்கு உண்டு.

*

கார் தயார். ஓட்ட இடம்?

புரூக்லாண்ட்ஸ் ஒரு சுற்று சுமார் நாலரை கிலோமீட்டர்தான், அதுவும் வளைவு. இந்த வேகத்துக்கு நீளமான நேர்ப்பாதை வேண்டும். அன்றைய ரோடுகளில் அது நடக்காது. அதனால்தான் கடற்கரை. பெண்டைனில் சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டையான மணல். கடல் உள்வாங்கிய பின் ஈர மணல் இறுகிக் கிடக்கும். கடற்கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும், காய்ந்த மணலில் கால் புதையும், அலை நனைத்த இடத்தில் புதையாது. அந்த ஈரப் பட்டைதான் ரேஸ் பாதை.

ஆனால் கடல் நம் சௌகரியத்துக்குக் காத்திருக்காது. அலை இறங்கியதும் மணலைப் பார்க்க வேண்டும். அலை விட்டுப்போன வரிவரியான மேடு இருந்தால் கார் குலுங்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் சக்கரம் பட்டால் சேறு பீறிட்டு முகத்தில் அடிக்கும். அடுத்த அலை ஏறுவதற்குள் முடிக்கவும் வேண்டும். அதோடு விதிப்படி ஒரு முறை ஓடினால் சாதனை ஆகாது. காற்று முதுகில் தள்ளினால் வேகம் கூடிவிடும் அல்லவா? அதனால் போகவும் வரவும் இரண்டு திசையிலும் ஓடி, சராசரி எடுப்பார்கள்.

அந்தக் காலத்தில் சாதனை வாரத்துக்கு ஒருவர் கை மாறும் போலிருந்தது. 1925 ஜூலையில் இதே பெண்டைனில் மால்கம் கேம்ப்பெல் மணிக்கு 150 மைலைத் தாண்டினார். 1926 மார்ச்சில் ஹென்றி சீக்ரேவ் சவுத்போர்ட் கடற்கரையில் 152.33 மைல். சீக்ரேவின் சன்பீம் காரில் என்ஜின் வெறும் 4 லிட்டர், சூப்பர்சார்ஜர் வைத்தது. அது அழகான, நவீனமான கார்.

அடுத்த மாதமே தாமஸ் தன் பழைய பூதத்தைப் பெண்டைன் மணலில் இறக்கினார். 1926 ஏப்ரல் 27-ஆம் தேதி 169.30 மைல். அதோடு விடவில்லை. மறுநாள் 171.02 மைல். கிலோமீட்டரில் சொன்னால் மணிக்கு 275. ஒரு மைலைக் கடக்க 21 விநாடி.

சும்மா ஒன்றிரண்டு மைல் கூட்டியிருந்தாலும் சாதனைதான். இவர் ஒரே தாவலில் 18 மைலுக்கு மேல் கூட்டினார். 125 பவுண்டு கார்!

*

சாதனை ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் தாமஸிடம் இருந்தது. 1927 பிப்ரவரி 4-ஆம் தேதி கேம்ப்பெல் திரும்பப் பெண்டைனுக்கு வந்தார். புதிதாகக் கட்டிய புளூ பேர்ட், நேப்பியர் லயன் விமான என்ஜின். வேகம் 174 மைலைத் தாண்டியது. வித்தியாசம் மூன்று மைல் சொச்சம்.

மூன்று மைல்தானே என்று தாமஸுக்குத் தோன்றியிருக்கும். ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, 1927 மார்ச் 3-ஆம் தேதி அவரும் பாப்ஸும் அதே மணலில் இருந்தார்கள். வேக ஓட்டம் ஒன்றின் நடுவில் கார் நிலைதவறிப் புரண்டு சறுக்கியது. தலையில் பட்ட அடியால் தாமஸ் அங்கேயே இறந்தார். தரை வேக சாதனைக்கு முயன்று உயிரை விட்ட முதல் ஓட்டுநர் அவர். வயது நாற்பதுகளின் தொடக்கம்.

அவரைப் புரூக்லாண்ட்ஸ் பக்கத்தில் பைஃப்ளீட் ஊரின் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். விசாரணை முடிந்ததும் காரைப் பெண்டைன் மணல்மேட்டிலேயே புதைத்தார்கள்.

ஏன் புதைத்தார்கள்? அந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் புரியும். காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் தினமும் பார்க்க வேண்டும். காயலான் கடைக்குப் போட்டால், அதன் ஒவ்வொரு ஆணியையும் தொட்டவர் கையை விற்ற மாதிரி இருக்கும். ரிப்பேர் பார்த்து வேறொருவர் ஓட்டலாம் என்று நினைக்க யாருக்கும் மனசு வந்திருக்காது. மிச்சம் இருந்தது மண்தான்.

அதே மார்ச் மாதம் 29-ஆம் தேதி, அதாவது 26 நாள் கழித்து, அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் சீக்ரேவ் இரண்டு விமான என்ஜின் வைத்த சன்பீமில் 203.79 மைல் வேகத்தைத் தொட்டார். உலகம் 200 மைலைக் கொண்டாடியது. மூன்று மைலுக்காகச் செத்தவரின் கணக்கு அர்த்தமே இல்லாமல் போனது. சாதனைக்காரர்களும் பெண்டைனை விட்டு அமெரிக்காவின் நீண்ட மணலுக்குப் போய்விட்டார்கள். பிறகு அந்தக் கரையின் ஒரு பகுதி ராணுவத்தின் சோதனை இடமானது. பாப்ஸ் முள்வேலிக்குள், மண்ணுக்குள் போனது.

*

தாமஸைப் பற்றி மிஞ்சியது ஒரு கதை. "சங்கிலி அறுந்து வந்து தலையைச் சீவிவிட்டது." அவ்வளவுதான். புத்தகம் புத்தகமாக இதையே எழுதினார்கள். கேட்பவர்களுக்கும் பயங்கரமாக, சுவாரஸ்யமாக இருந்தது. ஸ்போரோவ்ஸ்கியின் சட்டைப் பொத்தான் கதை மாதிரிதான்.

இந்தக் கதையில் ஒரு குத்தலும் ஒளிந்திருக்கிறது. சங்கிலி பழைய பாணி. பழைய பாகத்தை நம்பி ஓட்டினார், அது கொன்றது என்று அர்த்தம். திறமையான ஒரு என்ஜினியரின் வாழ்க்கை "சங்கிலியைக் கவனிக்காமல் விட்டவர்" என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டது. இத்தனைக்கும் 26 நாள் கழித்து 200 மைலைத் தாண்டிய சீக்ரேவின் காரும் சங்கிலியில்தான் ஓடியது!

காரைத் திறந்து பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் கார் மணலுக்குள்.

*

இங்கேதான் மூன்றாமவர் வருகிறார். ஓவன் வின் ஓவன். வடக்கு வேல்ஸில் காப்பெல் கிரிக் என்ற மலை ஊர்க்காரர். பாங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் என்ஜினியரிங் ஆசிரியர். பணக்காரரும் இல்லை, ரேஸ் வீரரும் இல்லை. பாப்ஸைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ராணுவ நிலம், நினைத்தவுடன் மண்வெட்டியோடு போக முடியாது. அனுமதி வாங்கி 1969-இல் தோண்டினார்.

42 வருடம் கடலோர ஈர மணலில் கிடந்த இரும்பு எப்படி இருக்கும்? உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும். அலுமினியத்தை இன்னும் மோசமாகத் தின்னும், முக்கியமாக அது இரும்பை ஒட்டியிருக்கும் இடத்தில். இரண்டு வேறு உலோகம் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி. டார்ச் லைட் செல்லில் ஒரு உலோகம் கரைந்து மின்சாரம் வருவது போல, இங்கே அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும். தாமஸ் பார்த்துப் பார்த்து வளைத்த தகடு உடம்பு இப்படித்தான் வீணாகிப்போனது. கனமான பாகங்கள் துருவோடு தாக்குப்பிடித்தன.

அதன் பிறகு நடந்தது சுமார் 15 வருட வேலை. நினைத்துப் பாருங்கள், ஒரு குழந்தை பிறந்து பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற காலம்.

இந்த மாதிரி வேலையில் கஷ்டம் செய்வதில் இல்லை, முடிவெடுப்பதில்தான். துருப்பிடித்த ஒரு பாகத்தைக் கையில் எடுக்கிறோம். இதைச் சுத்தம் பண்ணி மாட்டலாமா, இல்லை இதே அளவில் புதிதாகக் கடைந்து போடலாமா? பழையதை மாட்டினால் அது தாமஸ் தொட்ட பாகம். ஆனால் உள்ளே விரிசல் இருந்தால் ஓட்டுபவர் உயிர் போகும். புதியதை மாட்டினால் பத்திரம். ஆனால் ஒவ்வொன்றாக எல்லாமே புதியதானால், கடைசியில் நிற்பது பாப்ஸா, பாப்ஸின் பொம்மையா? தாத்தா காலத்துக் கோடாரி என்று காட்டுவார்கள், பிடி இரண்டு முறை மாறியிருக்கும், இரும்பு ஒரு முறை மாறியிருக்கும். அந்தக் கேள்விதான்.

ஆனால் யோசித்தால், பாப்ஸ் எப்போது 'அசல்' ஆக இருந்தது? அது பிறந்ததே அமெரிக்க விமான என்ஜின், ஜெர்மன் கியர்பாக்ஸ், ஒரு பிரபுவின் ஆசை என்று மூன்று பக்கம் பொறுக்கியது. அதை வாங்கிய தாமஸ் பிஸ்டனை மாற்றினார், உடம்பை மாற்றினார், பெயரையே மாற்றினார். அவர் செய்ததைத்தான் ஓவனும் செய்தார். இருப்பதை வைத்துக்கொண்டார், இல்லாததைச் செய்துகொண்டார். ஒரே வித்தியாசம், தாமஸ் முன்னால் இருந்ததைவிட வேகமாக்கப் பார்த்தார். ஓவன் முன்னால் இருந்தது போலவே ஆக்கப் பார்த்தார். இரண்டாவதுதான் கஷ்டம் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள்.

*

இந்த வேலையில் ஒரு விஷயம் வெளியே வந்தது. காரை ஆராய்ந்தபோது சங்கிலிக் கதை நிற்கவில்லை. பின்பக்கம் வலது சக்கரம் உடைந்ததுதான் விபத்தைத் தொடங்கியிருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். சங்கிலி தலையைச் சீவவில்லை. கார் கவிழ்ந்து மணலில் இழுபட்டபோது பட்ட அடிதான் உயிரை எடுத்தது.

சக்கரம் உடைவது நம்பக்கூடியதுதானா? சின்னக் கணக்கு ஒன்று. சக்கரத்தின் ஆரம் சுமார் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 171 மைல் வேகத்தில் அது விநாடிக்கு 30 தடவை சுற்றும். விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு கிராமையும் அதன் எடையைப் போல சுமார் 1,500 மடங்கு விசை வெளியே இழுக்கும். அதாவது விளிம்பில் ஒரு கிலோ இரும்பு, ஒன்றரை டன் போல இழுக்கும். இதைத் தாங்கிப் பிடிப்பது சக்கரமும் டயரும்தான். அவற்றை இந்த வேகத்தில் முன்கூட்டிச் சோதிக்க அன்று சரியான வழி கிடையாது. ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை.

எனவே தாமஸ் பழைய சங்கிலியை நம்பி ஏமாந்தவர் இல்லை. அன்றைக்கு இருந்த எல்லாருக்கும் எல்லையாக இருந்த ஒரு பாகம், அவர் முறை வரும்போது கைவிட்டது. அதே வருடம் நவம்பரில் ஜூலியோ ஃபொரெஸ்டி என்ற இத்தாலிக்காரர் தன் காரைப் பெண்டைனில் உருட்டினார், பிழைத்தும் கொண்டார். அதிர்ஷ்டம் என்பது இவ்வளவுதான்.

*

சரி, முதலில் கேட்ட கேள்வி. தோண்டியது சரியா?

வேண்டாம் என்பவர்கள் பக்கத்தில் பலமான நியாயம் உண்டு. புதைத்தவர்கள் தாமஸோடு ராப்பகலாக வேலை செய்தவர்கள். ஒளித்து வைக்கவில்லை, பிரியாவிடை கொடுத்தார்கள். அந்த முடிவை எடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. பின்னால் வந்த ஒருவர் "எனக்கு ஆர்வமாக இருக்கிறது" என்று அதைக் கலைக்கலாமா? ஒரு மனிதர் செத்த இடத்தில் இருந்த பொருளைக் கண்காட்சியில் வைத்துக் காட்டலாமா? இந்தக் கேள்விகளை ஓவன் 15 வருடம் உழைத்தார் என்பதாலேயே தள்ளிவிட முடியாது. நல்ல வேலை என்பது அனுமதிக்குப் பதில் ஆகாது.

ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் கார் மட்டும் போகவில்லை, காரைக் கட்டியவரின் வேலையும் போனது. வெளியே மிஞ்சியது அவருடைய சாவு மட்டும்தான், அதுவும் தப்பான கதையாக. சிற்பி செய்த சிலை இருக்கும்போது சிற்பி எப்படிச் செத்தார் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. சிலையைப் புதைத்துவிட்டால் அதைத்தான் கேட்பார்கள். தாமஸுக்கு 42 வருடம் நடந்தது அதுதான்.

அவருடைய வேலை மற்ற வழிகளில் தொடர்ந்தது என்பதும் உண்மை. அவரிடம் உதவியாளராக இருந்த ரீட் ரெயில்டன் பிறகு வடிவமைத்த காரில்தான் ஜான் காப் 1947-இல் மணிக்கு 394 மைல் வேகம் போனார். தாமஸின் பட்டறையில் ஆரம்பித்த பாடம் 171-இல் நிற்கவில்லை, 394 வரைக்கும் போனது. ஆனால் பாடம் சொன்ன வாத்தியாரை ஜனங்களுக்குத் தெரியாது. சங்கிலி கதைதான் தெரியும்.

ஓவன் காரை எழுப்பிய பிறகு நிலைமை மாறியது. பாப்ஸ் பெண்டைனிலும் புரூக்லாண்ட்ஸிலும் அருங்காட்சியகத்தில் நின்றிருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் முதலில் அந்த நீண்ட பானெட்டைப் பார்க்கிறார்கள். பிறகு 27 லிட்டர் என்று படித்துவிட்டு வாயைப் பிளக்கிறார்கள். பக்கவாட்டில் சங்கிலியைப் பார்க்கிறார்கள், ஓட்டுபவர் எங்கே உட்கார்ந்தார் என்று எட்டிப் பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் "அவர் என்ன ஆனார்?" என்று கேட்கிறார்கள். கேள்விகள் வர வேண்டிய வரிசை இதுதான். ஓவன் தாமஸுக்குத் திருப்பிக் கொடுத்ததும் இந்த வரிசையைத்தான்.

இந்த ஒரு காரணத்துக்காக, தோண்டியது சரி என்றே சொல்லத் தோன்றுகிறது. புதைத்தவர்கள் தங்கள் துக்கத்துக்கு நியாயம் செய்தார்கள். தோண்டியவர் செத்தவரின் உழைப்புக்கு நியாயம் செய்தார். இரண்டுக்கும் நடுவில் 42 வருடம் தேவைப்பட்டது. 1928-இல் யாராவது தோண்டியிருந்தால் அது திருட்டு மாதிரி இருந்திருக்கும்.

லிபர்ட்டி என்ஜின் இப்போது ஸ்டார்ட் ஆனால் தரை அதிரும், புகை கக்கும், பக்கத்தில் நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். 171 மைல் வேகத்தில் அதை இனி யாரும் ஓட்டப் போவதில்லை, ஓட்டவும் வேண்டாம். ஓடுகிறது, அது போதும்.